நற்பெயருக்கு மதிப்பு: பூஜ்யம்

1938 செப்டம்பர் 26, திங்கள். ஆபன்பாக், ஜெர்மனி

வந்து சேர்ந்தேன். கப்பலிலும் ரயிலிலும் மூன்று வாரம். இடுப்பு கழன்றுவிட்டது. செப்டம்பரிலேயே இந்தக் குளிர் என்றால் மார்கழியில் மனிதன் என்ன ஆவான்? அண்ணனுக்கென்ன, பேகம்பூரில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "போயிட்டு வாடா மைதீனு" என்று சொல்லிவிட்டார்.

எதற்காக அனுப்பினார் என்பதை இங்கே எழுதி வைக்கலாம். தமிழ் படிக்கத் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான். திண்டுக்கல்லில் எங்கள் தோல்ஷாப்பில் ஆவாரம்பட்டையில் பதனிடும் வெள்ளாட்டுத் தோல், நடுவில் சண்டை வருஷங்கள் போக, 1907 முதல் இங்கே நொய்பெர்க் கம்பெனிக்கு வருகிறது. எங்களைப் பெற்ற அத்தா காலத்து வழக்கப்படி நாங்கள் தரம் பிரிப்பதில்லை. கலந்தபடியே கட்டி அனுப்புவோம். நொய்பெர்க் வீட்டார் ஐந்து தரமாகப் பிரித்து, எது எத்தனை என்று எழுதுவார்கள். அவர்கள் எழுதியதுதான் விலை. விற்கிறவன் வாயை மூடிக்கொண்டிருக்க, வாங்குகிறவன் தரம் சொல்வதா என்று ஊரில் எல்லாரும் சிரிப்பார்கள். அத்தா கண்டுகொள்ளவே மாட்டார். அத்தா போன பிறகு அண்ணனுக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. இத்தனை வருஷமும் நம் தலையில் மிளகாய் அரைத்திருந்தால்?

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நூறு தோலை என் கையாலேயே பிரித்து, வால் ஓரத்தில் கத்தியால் சின்னதாக வெட்டு வைத்தேன். முதல் தரத்துக்கு ஒன்று, இரண்டாம் தரத்துக்கு இரண்டு, இப்படி ஐந்து வரை. பிறகு கலந்து கட்டிவிட்டேன். அந்தக் கட்டு எனக்கு முன்பே இங்கே வந்து கிடக்கிறது. எந்தத் தோல் எந்தக் குவியலுக்குப் போகிறது என்று பார்த்தால் குட்டு உடைந்துவிடும். தோல் பிரிப்பதில் திண்டுக்கல்லில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 29

இன்று பிரித்தார்கள். பிரித்தவர் முதலாளியம்மாவே. பெயர் ரெகினா நொய்பெர்க், வயது ஐம்பத்தெட்டு, யூத விதவை. புருஷன் போன பிறகு பதினேழு வருஷமாக நூற்றி நாற்பது ஆளை வைத்து வேலை வாங்குகிறார். ஒல்லி. அத்தாவுக்குக் கடுதாசி எழுதி எழுதியே இங்கிலீஷ் சுத்தமாகப் பேசுகிறார். நாங்கள் பேசுவதை நான் நம்ம ஊர்ப் பேச்சிலேயே எழுதிக்கொள்கிறேன், அப்போதுதான் எனக்கு மனதில் நிற்கிறது.

ஜன்னலோரம் மேஜை. அம்மா தோலை விரித்தார், கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரல் கழுத்திலிருந்து வால் வரை ஒரு முறை போனது. பிறகு குவியலில் போட்டார். அவ்வளவுதான். நூறு தோலுக்கும் முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு குவியலின் மேலும் சுண்ணக்கட்டியால் ஒரு குறி போட்டார். பிராக், சூரிச், ஆம்ஸ்டர்டாம் எங்கும் அந்தக் குறியைப் பார்த்தால் கட்டைப் பிரித்தே பார்க்க மாட்டார்களாம்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போனதும் ஓடிப்போய் வெட்டுகளை எண்ணினேன். எண்பத்து மூன்று தோல் நான் பிரித்தபடியே. எட்டுத் தோல் ஒரு படி மேலே. நான் அம்மைத் தழும்பு என்று தள்ளியதெல்லாம் வெறும் பட்டைக் கறை, எச்சிலைத் தொட்டுத் தேய்த்தால் போகிறது. எங்களுக்கு லாபமாகத்தான் தவறியிருக்கிறார் என்று பார்த்தால், அது தவறே இல்லை! மீதி ஒன்பது ஒரு படி கீழே. ஏன் என்று அம்மாவே வந்து சொன்னார்.

"ஓரத்துல கத்தி ஆழமா எறங்கியிருக்கு. உங்க ஆளுங்களக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்க, மைதீன்."

"சொல்றேங்கம்மா" என்றேன். அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது. என் கத்தி, என் வெட்டு. கண்ணை மூடிக்கொண்டு, அல்லாவே!

அண்ணனுக்கு எழுத வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 6

சாப்பாட்டுக் கஷ்டம் தீர்ந்தது. விடுதியில் எதைத் தொட்டாலும் பன்றி. அம்மா வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் ஆடு கோழியும் கிடையாது. அவர்கள் முறைப்படி அறுப்பதையே ஐந்து வருஷத்துக்கு முன்னால் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்களாம். மீன், முட்டை, உருளைக்கிழங்கு. நேற்று அம்மாவுக்கு நோன்பு, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்களுக்கு முப்பது நாள் என்றேன். "நீங்க பெரிய ஆளுதான்" என்று சிரித்தார்.

சட்டம் அதோடு நிற்கவில்லை. சர்க்கார் ஆர்டர் இவருக்குக் கிடையாது. வெளிநாட்டுத் தோல் வாங்க அனுமதி பாதியாகக் குறைத்தாகிவிட்டது. எங்களுக்கு வரும் ஆர்டர் ஏன் தேய்ந்தது என்று இப்போது புரிகிறது. வீட்டில் உள்ள ஸ்பூன் வரை எழுதி ஏப்ரலிலேயே சர்க்காருக்குக் கொடுத்திருக்கிறார். எதற்காம்? "எங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தானே எடுக்க வசதி" என்றார், காய்கறி விலை சொல்வதுபோல.

நவம்பர் 10. பதினேழாம் நோன்பு

ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தபோதே புகை வாடை. விடிந்து வெளியே போனால் தெருவெல்லாம் கண்ணாடி. அவர்கள் தொழும் பள்ளிக்குத் தீ வைத்திருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏறியவர்களில் ஒருவர் படுக்கை உடுப்போடு இருந்தார்.

கம்பெனி ஜன்னல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சூரிச்சுக்குப் போக வேண்டிய முதல் தரத் தோல்மேல் கண்ணாடித் தூள் கொட்டிக் கிடந்தது. ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரெகினா அம்மா மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, இருநூற்றுப் பத்துத் தோலையும் ஒவ்வொன்றாக விரலால் தடவிக் கண்ணாடித் துண்டை எடுத்தார். விரல் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டார்.

"விடுங்கம்மா, நான் பாக்குறேன்."

"நீங்க கண்ணால பாப்பீங்க. இது கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் தோல்ல படாம மட்டும் பிடிங்க."

பிடித்தேன். சாயங்காலம் வரை பிடித்தேன். வாழ்நாளில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

நவம்பர் 15

பேப்பரில் புதுச் சட்டம். அம்மாவே படித்துச் சொன்னார். ஜனவரி முதல் தேதியிலிருந்து யூதர் யாரும் கடை நடத்தக் கூடாது, பட்டறை வைக்கக் கூடாது, எந்தக் கம்பெனியிலும் மேலாளாக இருக்கக் கூடாது. உடைந்த கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்தால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், ரிப்பேர் செலவு யூதர்களுடையது. மேலே ஒரு பெரிய அபராதம். உடைத்தது ஒருத்தன், தெண்டம் உடைபட்டவனுக்கு! எந்த ஊரிலாவது உண்டா?

நவம்பர் 23

பெருநாள். தனியாகத் தொழுதேன். அம்மா மீன் சமைத்து அனுப்பியிருந்தார். சாப்பிடும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் அதிகம்.

டிசம்பர் 8

கம்பெனியை விலை மதிக்க அதிகாரி வந்தார். கூடவே வாங்கப்போகிற டிட்மர். மேஜை நாற்காலிக் கடைக்காரர், சட்டையில் ஆளும் கட்சி பேட்ஜ். தோலைக் கையில் எடுத்து முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று புரட்டினார். யா அல்லா, இவரா!

கட்டடத்துக்கு ஒரு தொகை, மிஷினுக்கு ஒரு தொகை, சரக்குக்கு ஒரு தொகை. எல்லாம் கால் விலை. கடைசியில் 'கம்பெனியின் நற்பெயர்' என்று ஒரு கட்டம். அதிகாரி பூஜ்யம் போட்டார்.

"அறுபத்தொரு வருஷக் கம்பெனிங்க" என்றார் அம்மா.

"யூதக் கம்பெனிக்கு நற்பெயர்னு ஒண்ணு கெடையாது. அதுக்கு விலை கொடுக்கக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு."

டிட்மர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெளிநாட்டுச் சரக்குக்கு மட்டும் 'நொய்பெர்க்' என்ற பெயரையும் சுண்ணக்கட்டிக் குறியையும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"பூஜ்யத்துக்கு வாங்கினத எதுக்குப் பத்திரப்படுத்தணும்?" என்றார் அம்மா. டிட்மர் காது சிவந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு அம்மா என்னிடம் முதல் முறையாக ஒன்று கேட்டார். "உங்க கம்பெனியில தோல் பிரிக்க ஆள் வேணும், இவளுக்கு வேலை தர்றோம், பொறுப்பும் ஏத்துக்கிறோம்னு ஒரு கடுதாசி. அது இருந்தா பிராங்பர்ட்ல இங்கிலீஷ் கான்சல் இந்தியாவுக்குப் போக முத்திரை போடுவார். இல்லேன்னா நான் இங்கதான், மைதீன்."

அண்ணனைக் கேட்க வேண்டும் என்றேன். "கேளுங்க" என்றார். இரண்டாம் முறை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டிசம்பர் 9

மழை. தந்தி ஆபீசுக்குப் போகவில்லை.

டிசம்பர் 12

தந்தி ஆபீசில் கூட்டமாக இருக்கும். நாளைக்குப் பார்க்கலாம்.

டிசம்பர் 15

தந்தி அடித்தேன்.

டிசம்பர் 17

இன்று ஒரு அதிர்ஷ்டம். பெரிய தெருவில் ஏலம். வீட்டுச் சாமான்கள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன, கேட்க ஆளில்லை. ஆட்டுக்குட்டி ரோமம் வைத்துத் தைத்த ஓவர்கோட்டு ஒன்று எடுத்தேன். எனக்கென்றே அளவெடுத்தது மாதிரி இருக்கிறது. கடையில் வாங்கினால் பத்து மடங்கு. போட்டுக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்தேன். குளிரா, எங்கே?

டிசம்பர் 20

அண்ணனிடமிருந்து தந்தி. 'தொழிற்சாலை யாரிடமோ வியாபாரம் அவரிடம். பெண்பிள்ளைக்குக் கடுதாசி வேண்டாம். புது முதலாளியோடு ஒப்பந்தம் போடு.'

டிட்மர் ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். ஆர்டர் இரண்டு மடங்கு, ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் என்றார். பதிலுக்கு ஒன்றே ஒன்று. பழைய குறி, பழைய தரம், எல்லாம் முன்பு போலவே நடக்கிறது என்று திண்டுக்கல் பார்ட்னராக நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாங்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள், ஊரான் வம்பு எங்களுக்கெதற்கு?

டிசம்பர் 28

அம்மாவிடம் தந்தியைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "உங்க அண்ணன் சொல்றதும் சரிதான். டீ போடவா?" என்றார்.

டீயை வைக்கும்போது கை என் கோட்டில் பட்டது. அப்படியே நின்றார். கண்ணை மூடிக்கொண்டு உள்பக்க ரோமத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினார்.

"இது டாக்டர் ஆப்பல்பாமோட கோட்டு. இந்தக் குட்டித் தோலை நான்தான் பொறுக்கிக் குடுத்தேன். நவம்பர் பத்தாந்தேதி அவரைக் கூட்டிட்டுப் போனாங்க. மூணு வாரம் கழிச்சுத் தபால்ல சாம்பல் வந்துச்சு." பிறகு சர்க்கரையை என் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. குளிருக்கு வேணும்ல."

குத்திச் சொல்லவில்லை. மெய்யாகவே சொன்னார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செப்டம்பரில் வந்த கட்டைப் பற்றி, என் கத்தியைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியுமே" என்றார். "இத்தனை வருஷத்துல வால் ஓரத்துல ஒரு வெட்டு வந்ததில்ல. நீங்க வந்த நேரத்துலதான் வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு விரல்லயே எண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப என் தரம் தெரிஞ்சிருந்தும்..."

"அது உங்க தரம். நான் என் தரத்தைப் போட்டேன். நீங்க நல்லாப் பிரிக்கிறீங்க, மைதீன். எட்டுத் தோல்லதான் பயந்துட்டீங்க."

பரீட்சை என்று தெரிந்தே எங்களுக்கு லாபமான எட்டையும் போட்டிருக்கிறார், நஷ்டமான ஒன்பதையும் போட்டிருக்கிறார். அத்தா ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு நாற்பத்து நாலு வயதில் இன்றைக்குத்தான் தெரிகிறது.

டிசம்பர் 29

குளிர் கடுமை. கோட்டுப் போடவில்லை.

டிசம்பர் 30

கம்பெனி முத்திரை என் பெட்டியில்தான் இருக்கிறது. நானும் பார்ட்னர்தான். கடுதாசி எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பிராங்பர்ட் கான்சல் ஆபீஸ் வரிசையில் ஐந்து மணி நேரம் நின்று கொடுத்துவிட்டேன். அண்ணன் என்னை வெட்டிப் போட்டாலும் போடட்டும்.

வரும் வழியில் கோட்டை ஆப்பல்பாம் வீட்டுக்கு எடுத்துப் போனேன். டாக்டரின் சம்சாரம் அதைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார். படியில் வைத்துவிட்டு வந்தேன்.

1939 ஜனவரி 2

இன்றிலிருந்து அம்மா தன் கம்பெனிக்குள் கால் வைக்கக் கூடாது. சட்டப்படி பெயரும் மாறிவிட்டது, எல்லா யூதப் பெண்களும் நடுவில் 'சாரா' சேர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

டிட்மர் என்னைக் கூப்பிட்டுக் குவியல்களைக் காட்டினார். ஆளை வைத்துப் பிரித்திருக்கிறார். மேலே அம்மாவின் குறி, அச்சு அசலாக. முதல் தரக் குவியலில் கையை விட்டேன். உண்ணி கடித்த தோலும் முள் கீறிய தோலும் நல்ல தோலோடு கலந்து கிடந்தன. மூன்றாம் குவியலில் முதல் தரம் வீணாகக் கிடந்தது.

"கையெழுத்து?" என்றார்.

"எதுக்குங்க? நற்பெயருக்குத்தான் பூஜ்யம் போட்டாச்சே. பூஜ்யத்துக்கு நான் எப்படிச் சாட்சி சொல்றது?"

மேஜையைத் தட்டிக் கத்தினார். ஜெர்மனில் கத்தியதால் பாதி புரியவில்லை, புரிந்த பாதி எழுதத் தகாது. ஆனாலும் போடவில்லை.

பிப்ரவரி 24

சூரிச்காரன் பத்துக் கட்டையும் திருப்பி அனுப்பிவிட்டான். பிராக்கிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் ஒரே கேள்விதான், பிரித்தது யார்? நூற்றி நாற்பது ஆளில் அறுபத்திரண்டு பேர்தான் மிச்சம். அட்டைப் பெட்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கடை பூட்டியாகிவிட்டது. வண்டிக்காரன் ஒரு குதிரையை விற்றுவிட்டான். அவன் யூதன் இல்லை. "அம்மா எப்ப வருவாங்க?" என்று என்னிடம் கேட்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?

கான்சல் முத்திரை கிடைத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! தங்கம் வெள்ளியெல்லாம் ஒப்படைக்க இப்போது ஒரு சட்டம். கல்யாண மோதிரத்தை மட்டும் விட்டார்கள். நாட்டை விட்டுப் போகும்போது கையில் பத்து மார்க் பணம்தான். அம்மா பெட்டியில் நாலு உடுப்பும் ஒரு சுண்ணக்கட்டியும் வைத்தார்.

ஏப்ரல் 30. பேகம்பூர், திண்டுக்கல்

வந்து பத்து நாள். அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை. "கம்பெனி முத்திரையத் தூக்கி எவளுக்கோ குத்திக் குடுத்துட்டு வந்திருக்கான்" என்று சுவருக்குச் சொல்கிறார், எனக்குக் கேட்கட்டும் என்று. ரெகினா அம்மாவுக்குப் பின்கட்டு அறை. வெயிலில் முகம் பழுத்துக் கிடக்கிறது. ஒரு வார்த்தை முனகவில்லை.

இன்று அண்ணன் நூறு தோலைக் கொண்டுவந்து அம்மா முன்னால் போடச் சொன்னார். அம்மா கண்ணை மூடினார். முதல் தோலில் கட்டைவிரல் வால் ஓரத்துக்குப் போனதும் நின்றது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அடப்பாவி அண்ணா, நீயுமா!

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, கற்று வைத்திருந்த சொற்பத் தமிழில், "கத்தி... ஆளுங்க... கவனம்" என்று அண்ணனிடமே சொன்னார். பிறகு நூறையும் பிரித்தார். அண்ணன் பிரித்ததைவிடப் பதினோரு தோல் மேலே.

அண்ணன் தோலையெல்லாம் தன் அறைக்கு எடுத்துப் போய்விட்டார்.

மே 2

அண்ணன் அறையை விட்டு வெளியே வந்தார். "பதினொண்ணும் சரிடா" என்றார். நான் ஊர் திரும்பிய பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

ஜூலை 11

சூரிச்சிலிருந்து கடுதாசி. 'நொய்பெர்க் அம்மா உங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அவர் பிரிப்பதாக இருந்தால் மாதிரி அனுப்ப வேண்டாம். எத்தனை கட்டு முடியுமோ அனுப்புங்கள்.' அண்ணன் நாலு தடவை படித்தார். சாயங்காலம் பின்கட்டு அறைக்கு மின்விசிறி வந்தது.

செப்டம்பர் 7

சண்டை மூண்டுவிட்டது. இன்று காலை போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். ஜெர்மன் பிரஜைகள் எல்லாரும் எதிரி நாட்டார், கணக்கெடுக்க உத்தரவு. பொறுப்பேற்க ஆள் இல்லாவிட்டால் முகாமுக்கு அனுப்ப வேண்டும்.

அம்மா பாஸ்போர்ட்டைக் கொடுத்தார். அதில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு எழுத்து. என்ன இது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இவர் யூதர், ஜெர்மன்காரர்களோடு சேர்த்தியில்லை என்று அவர்களே குத்திய குறி என்றேன்.

"இருக்கலாங்க ராவுத்தர். ஆனா பாஸ்போர்ட்டு ஜெர்மன் பாஸ்போர்ட்டுதானே? சட்டங்க, நான் என்ன பண்ணட்டும்?"

சட்டம் என்ற சொல் அம்மாவுக்குத் தமிழில் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். "பொறுப்புக் கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டு, இன்ஸ்பெக்டர் விரலைக் காட்டுவதற்குள் போட்டுவிட்டார். பேனா சரியில்லை என்று திட்டிவிட்டு, கம்பெனி முத்திரையைக் கொண்டுவரச் சொல்லிக் குத்தினார்.

இன்ஸ்பெக்டர் மிச்சக் கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தார். பெயர், வயது, தொழில். "சொத்து என்னம்மா இருக்கு, என்ன மதிப்பு?"

"பூஜ்யம்" என்றார் அம்மா, தமிழில்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கட்டத்தில் பேனாவை வைக்கப் போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை மட்டும் எழுதாதீங்க, சார். காலியா விடுங்க."